ராத்திரிப் பாலில் துளசி

ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. ஆபரேஷன் தியேட்டரின் இரட்டைக் கதவு திறந்தது. அவன் பச்சைத் தொப்பிக்குக் கீழிருந்து தலையைத் தூக்கி, கட்டைவிரலைக் காட்டினான். கதவு மூடிக்கொண்டது.

"பாத்தியா? முகத்துல துளி பயம் இருக்கா? என் தம்பி சிங்கம்" என்றாள் நாத்தனார்.

அவள் தலையாட்டினாள். சிங்கத்துக்கு ஹெர்னியா. சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீடு என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"சும்மா எழுந்து எழுந்து உட்காராதே, எனக்குத் தலை சுத்துது. உன் பையில சார்ஜர் இருக்கா?" நாத்தனாரின் கை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராகப் பைக்குள் போனது.

"நான் எடுத்துத் தர்றேன் அண்ணி!"

பையை வெடுக்கென்று பிடுங்கினாள். நாத்தனாரின் புருவம் ஏறியது.

"அப்படி என்ன தங்கக் கட்டியா வச்சிருக்க?"

தங்கக் கட்டி இல்லை. துண்டுக்கு அடியில் ஓர் அட்டை டப்பா. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் வழக்கம்போல் அவனுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வந்திருந்தாள். சார்ஜரை நீட்டிவிட்டு, பையோடு கழிவறைக்கு நடந்தாள். டப்பாவைக் கிழித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கிற பாட்டிலை மட்டும் கைக்குட்டையில் சுற்றி வைக்கலாம் என்பது திட்டம்.

டப்பாவின் முன்பக்கம் பச்சை இலைகள். துளசி. மன அழுத்தம் குறைய, ஆழ்ந்த உறக்கம் பெற. கிழிக்கப் போனவளின் விரல் பக்கவாட்டில் நின்றது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, "கடைசி வரியைப் படிங்க சார்" என்று சொல்வதுதான் பிழைப்பு. இந்த டப்பாவின் கடைசி வரியை மட்டும் அவள் ஒரு நாளும் படித்ததில்லை. இப்போது படித்தாள்.

'இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடும். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடவும்.'

நேற்று இரவு கொடுத்திருக்கிறாள். வழக்கமாக ஒன்று. நேற்று ஆபரேஷன் பயத்தில் புரண்டுகொண்டிருப்பானே என்று இரண்டு.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கே யார் மாட்டிக்கொண்டாலும் முதல் போன் அவனுக்குத்தான். நாளாவட்டத்தில் போன் அடிக்காமலேயே அடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. படுப்பான், எழுவான், கூடத்தில் நடப்பான், காலையில் சட்டைப் பட்டன் கிடைக்கவில்லை என்றால் வீட்டையே தலைகீழாக்குவான். டாக்டரிடம் போகலாம் என்றால், "மாத்திரை போட்டுத் தூங்கறவன் மனுஷனே இல்ல" என்பான். கடைக்கு வந்த ஓர் அம்மாள் இந்தத் துளசி கேப்சூலைப் பற்றிச் சொன்னாள். துளசிதானே, என்ன ஆகிவிடப் போகிறது? கேப்சூலைப் பிரித்து, பொடியை ராத்திரிப் பாலில் கலந்தாள்.

"பால்ல என்ன ஒரு மாதிரி வாசனை?"

"கிராம்பு தட்டிப் போட்டேன். தொண்டைக்கு நல்லது."

கேப்சூல்தான் வேலை செய்ததோ, சூடான பாலே போதுமாயிருந்ததோ, அவன் தூங்கினான். அதோடு விட்டானா? "மனசுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. அதை ஆஃப் பண்ணத் தெரியணும்" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு வகுப்பெடுத்தான். கம்பெனியில் கூப்பிட்டு, ஹால் நிறைய மெக்கானிக்குகளுக்கு முன்னால் பேச வைத்தார்கள். அங்கே அவனுக்கு இப்போது பெயரே 'சுவிட்ச்'.

இதையெல்லாம்கூடச் சொல்லிவிடலாம். வெளியே உட்கார்ந்திருக்கிறாளே நாத்தனார், அவள்தான் பிரச்சினை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே பல்லவி. "என் தம்பிக்கு ஏதோ மருந்து வச்சு மயக்கிட்டா." இப்போது போய், ஆமாம் அண்ணி, கலந்தேன், ராத்திரி ராத்திரி கலந்தேன் என்றால்?

தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இந்நேரம் மயக்க ஊசி ஏறிக்கொண்டிருக்கும்.

டப்பாவைக் கையில் பிடித்தபடி ஓடினாள்.

தியேட்டர் வாசலில் நின்ற செக்யூரிட்டி கையைக் குறுக்கே நீட்டினார். "உள்ள போகக் கூடாதும்மா."

"டாக்டர்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லணும்."

"கவுண்டர்ல சொல்லுங்க."

கவுண்டருக்கு ஓடினாள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேஷன்ட் உள்ள போயாச்சுன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது மேடம். உட்காருங்க, கூப்பிடுவாங்க."

"எப்ப கூப்பிடுவாங்க?"

"முடிஞ்சதும்."

"முடிஞ்சதும் சொல்லி என்னம்மா பிரயோஜனம்?" கத்திவிட்டுத் திரும்பி ஓடினாள். பின்னால் செருப்புச் சத்தம். நாத்தனார்.

"ஏய், என்ன ஆச்சு? எதுக்கு இப்படிப் பேய் அடிச்ச மாதிரி ஓடுற?"

அவள் செக்யூரிட்டியின் கைக்குக் கீழே குனிந்து போய், இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பதைவிட அடித்தாள் என்பது சரி. செக்யூரிட்டி தோளைப் பிடித்து இழுக்க, கதவு ஒரு சாண் திறந்தது. முகக்கவசத்தைத் தாழ்த்திக்கொண்டு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்.

"யாரும்மா இது? என்ன சத்தம்?"

"ஊசி போட்டாச்சா டாக்டர்?"

"இன்னும் இல்ல. போடத்தான் போறேன். ஏன்?"

டப்பாவை நீட்டினாள். டாக்டர் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இதை யார் சாப்பிடறது? அவரா?"

தோளுக்குப் பின்னால் நாத்தனாரின் மூச்சு கேட்டது. வாயிலிருந்து பொய் தானாக வழுக்கி வந்தது. "ஆமா டாக்டர். அவரே சாப்பிடறாரு. தூக்கத்துக்கு."

"வேற மருந்து எதுவும் எடுக்கலைன்னுதானே கையெழுத்துப் போட்டிருக்கார்?"

"மறந்திருப்பாரு."

"இருங்க." கதவு மூடியது.

"துளசியா?" என்றாள் நாத்தனார். "என் தம்பியா? காய்ச்சல் மாத்திரைக்கே மூஞ்சியத் திருப்பிக்குவானே!"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. டாக்டரின் குரலில் எரிச்சல்.

"அவர் அடியோட இல்லைங்கறார். 'மருந்து இல்லாம தூங்கறது எப்படின்னு கிளாஸ் எடுக்கறவன் நான், என்னைப் பார்த்து இப்படிக் கேக்கறீங்களே'ங்கறார். 'என் பொண்டாட்டி பயந்துபோய் எதையோ உளறுறா, நீங்க ஊசியைப் போடுங்க'ங்கறார். யார் சொல்றதை நான் நம்பட்டும்?"

"அதான் அவனே சொல்லிட்டானே!" நாத்தனார் முன்னால் வந்தாள். "இவளுக்குப் பயத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு. நீங்க போய் வேலையைப் பாருங்க டாக்டர்."

வழி திறந்துவிட்டது. அவள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். அவன் மறுத்துவிட்டான். இனி எது நடந்தாலும் யாரும் அவளைக் கேட்க முடியாது. பேசாமல் இருந்தால் போதும்.

டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கதவு மூடத் தொடங்கியது.

"பால்ல கலந்து குடுத்தேன்!"

வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அவருக்குத் தெரியாது டாக்டர். கேப்சூலைப் பிரிச்சு ராத்திரிப் பால்ல கலந்து குடுத்தேன். தினமும். நேத்து ரெண்டு."

கதவு முழுதாகத் திறந்தது. டாக்டர் வெளியே வந்தாள். "தினமும்னா? எத்தனை நாளா?"

"ஏழெட்டு மாசமா."

"வேற ஏதாவது? தூக்க மாத்திரை, மயக்கம் வர்ற மாதிரி எதாவது? மறைக்காதீங்க."

"சத்தியமா இல்ல. இது மட்டும்தான்."

"நான் சொன்னேன்!" நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பார்வையாளர்களும் இருந்தார்கள். "நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், மருந்து வச்சுட்டா மருந்து வச்சுட்டான்னு! எவனாவது கேட்டானா? எங்கம்மாவே என்னைத்தான் திட்டினா!"

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் டாக்டர். "இது கடையில விக்கற சத்து மாத்திரை. கொஞ்சம் பேருக்குத் தூக்கத்துக்கு உதவுதுங்கறாங்க. அதுல தப்பில்ல. ஆனா ரத்தம் உறையறதை மெதுவாக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு." அவளிடம் திரும்பினாள். "ஒருவேளை ஒண்ணுமே ஆகாம இருந்திருக்கலாம். கத்தி வைக்கிற இடத்துல ஒருவேளையை நம்ப முடியாது. அவசர கேஸும் இல்ல. இதை நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. இடையில வலி அதிகமாச்சுன்னா உடனே வாங்க. அப்பவும் இதை முதல்ல சொல்லுங்க."

போகிற போக்கில் டாக்டர் அவள் கையில் டப்பாவைத் திருப்பி வைத்தாள். நாத்தனார் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவன் ஸ்ட்ரெச்சரில் வரவில்லை. நடந்தே வந்தான், கவுனின் முதுகுப் பக்கத்தை ஒரு கையால் பிடித்தபடி. அக்காவைப் பார்க்கவில்லை. செக்யூரிட்டியைப் பார்க்கவில்லை. நேராக அவள் முன்னால் வந்து நின்றான்.

"எல்லா ராத்திரியுமா?"

"நீங்க வெளியூர் வேலைக்குப் போன நாள் தவிர."

அவன் யோசித்தான். "அங்கெல்லாம் நான் தூங்கல. புது இடம், அதான் தூக்கம் வரலைன்னு நெனச்சேன்." பிறகு குரல் இறங்கியது. "ஹால் நிறைய ஆளுங்க முன்னாடி பேசினேனேடி. கை தட்டினாங்களே."



டாக்ஸியில் நாத்தனார் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்னால் அவனும் அவளும், நடுவில் பை. சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. அவன் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன, நிறுத்தின, மறுபடி போட்டன. பழைய பழக்கம். கேப்சூல் ஆரம்பித்த பிறகு அவள் பார்க்காதது.

"கோவமா இருந்தா திட்டிருங்க" என்றாள். "இப்படி இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

"எங்க வேலையில ஜம்பர்னு ஒண்ணு உண்டு." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கதவு மூடாட்டி லிஃப்ட் நகராது. ரிப்பேர் பாக்கறப்போ நாங்க ஒரு ஒயரைப் போட்டு, கதவு மூடிடுச்சுன்னு மெஷினை ஏமாத்துவோம். அது தப்பில்ல. ஆனா வெளியில போர்டு மாட்டணும். மாட்டாம போட்டவன் மாட்டிக்கிட்டா அன்னைக்கே சீட்டுக் கிழியும்."

"அப்ப என் சீட்டு?"

முன் சீட்டில் நாத்தனாரின் தலை அசையாமல் நின்றது. காது மட்டும் பின்னால் இருந்தது.

அவன் சிக்னல் கம்பத்தைப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்து வண்டி நகர்ந்தது. "ஆள் ஏறுறதுக்கு முன்னாடி கத்திட்ட. அதனால டிஸ்மிஸ் இல்ல. சஸ்பென்ஷன். ரெண்டு வாரம்."

"இவனுக்கு ரொம்ப இளகின மனசு!" வெடித்தாள் நாத்தனார். டப்பாவை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படிக்கப் பார்த்தாள். "நான் விசாரிக்கறேன். இந்தா, ஒளிக்காம சொல்லு. இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடுத்தியா, பின்னாடி குடுத்தியா?"

"பின்னாடிதான் அண்ணி. படுக்கறதுக்கு முன்னாடி."

"எவ்வளவு நேரத்துல தூங்கினான்?"

"அரை மணி நேரம் ஆகும்."

"நடுவுல முழிப்பு வருமா? ரெண்டு மணிக்கு, மூணு மணிக்கு?"

அவனுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அடிவயிற்றில் சுருக்கென்று குத்தியது. "ஐயோ, அக்கா, சும்மா இரு! வலிக்குது!"

"என்னடா சிரிப்பு? விசாரணைன்னா எல்லாம்தான் கேக்கணும்" என்று டப்பாவைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள் நாத்தனார்.

சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினான். விரல்கள் முழங்காலுக்குப் போயின. வீடு இருக்கிற தெருவுக்குள் வண்டி திரும்புகையில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ராத்திரி பால் வேணுமா? வெறும் பால்?"

"நானே காய்ச்சிக்கறேன்."

அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சரி, இதுதான் விலை என்று நினைத்துக்கொண்டாள்.

"உனக்கும் சேர்த்துக் காய்ச்சறேன்" என்றான் அவன். இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான். "ரெண்டு வாரத்துக்கு நான்தான் குடுப்பேன். உள்ள என்ன இருக்குன்னு கேக்காம குடிக்கணும்."

"என்ன இருக்கும்?"

"கேக்கக் கூடாதுன்னேனே."

வண்டி நின்றது. அவன் வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக இறங்கி, அவளுக்காகக் காத்திராமல் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனான்.