தோசைக்குப் போட்ட சட்டம்

சட்டத்தைப் போட்டவள் நான்தான். ஆகையால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வயிறெரிய உட்கார்ந்திருந்ததற்கு வேறு யாரையும் திட்ட வழியில்லை.

நாங்கள் மூன்று பேர். நான் சீதாலெட்சுமி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கோப்பு தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஹலீமாவுக்கு மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை. கார்த்திகேசு செந்தூலில் பள்ளி வேன் ஓட்டுகிறான். மூவரும் ஒரே பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவர்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் இருக்க, ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கடை கடையாகப் போய்த் தின்று, ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டுக்கொண்டு திரிகிறோம். ஹலீமா அதைத் தன் கைப்பேசியில் குறித்து வைக்கிறாள். இதனால் உலகத்துக்கு ஒரு பயனும் இல்லை. எங்களுக்கு அது போதும்.

ஆரம்பத்தில் சட்டம் எதுவும் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் நெய்த்தோசை வந்தது. ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, தொட்டால் விரல் சுடும். ஹலீமா அதைத் தொடாமல், மகள் ரேஷ்மாவுக்கு அப்போது வந்திருந்த வரன் பற்றி இருபது நிமிடம் பேசினாள். பேசி முடித்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, “ரப்பர் மாதிரி இருக்கு. ரெண்டு புள்ளி” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே சட்டம் போட்டேன். முதல் வாய் உள்ளே போன உடனே புள்ளி போட்டுவிட வேண்டும். போட்டதைப் பிறகு மாற்றக்கூடாது. கடையைத் தேர்ந்தெடுத்தவருக்குப் புள்ளி போடும் உரிமை இல்லை. மற்ற இருவரும் போட்டு முடிக்கும் வரை அவர் அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பள்ளிக்கூடத்தில் விரல் விளையாட்டில் செய்வோமே, அதேபோல் ‘ஒன் டூ சோம்’ சொல்லி ஒரே நேரத்தில் விரல்களை நீட்ட வேண்டும்.

கார்த்திகேசுவுக்குக் கூடுதலாக இன்னொரு சட்டம் உண்டு. அது அவன் மனைவி இராஜம்மா போட்டது. அவனுக்கு இனிப்பு நீர் வியாதி என்பதால் இனிப்பு எதுவானாலும் ஒரே ஒரு கரண்டி. தின்றதும் கரண்டியைத் தட்டில் குப்புறக் கவிழ்த்துவிடுவான். செண்டோல், ஐஸ் கச்சாங், சாக்லேட் ஒழுகும் கேக் என்று எவ்வளவோ எங்கள் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. கவிழ்த்த கரண்டியை அவன் நிமிர்த்தி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு கடையைத் தேர்ந்தெடுக்கும் முறை என்னுடையது. கிள்ளானில் ஷபானா என்கிற பெண் நடத்தும் சின்ன கேக் கடைக்கு இவர்களைக் கூட்டிப் போனேன். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த சூஜி கேக் நான் செய்தது என்று இவர்களிடம் சொல்லவில்லை.

ஷபானா எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகிற பெண். போன தீபாவளிக்கு நான் மேசையில் வைத்திருந்த சூஜி கேக்கைத் தின்றுவிட்டு, அன்றிலிருந்து என்னை விடவில்லை. அவள் கடையில் கேக் செய்கிறவர் மாதக் கடைசியோடு நிற்கிறாராம். “ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீங்க வந்துருங்க ஆன்டி. கிச்சன் முழுக்க உங்க கையில. ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் மட்டும் சொல்லிடுங்க” என்றாள். ஐம்பத்தொரு வயதில் இருபத்திரண்டு வருட வேலையை விடுவதென்றால் சும்மாவா? என் கேக் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓசியில் நீட்டும் கேக்கை யார் குறை சொல்வார்கள்? ஹலீமாவும் கார்த்திகேசுவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டில் தின்றுவிட்டு ஆகா ஓகோ என்றுதான் சொல்கிறார்கள். யார் செய்தது என்று தெரியாமல் தின்றால் என்ன சொல்வார்கள்? நான்கு புள்ளிக்குக் குறையாமல் வந்தால் ஷபானாவிடம் சரி சொல்வது, இல்லையென்றால் கோப்புக்கே திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலமே கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஞாயிறு காலை கே.எல். சென்ட்ரலில் மூவரும் சேர்ந்து கொமுட்டர் ரயில் ஏறினோம். வழி முழுக்க ஹலீமா பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. “என்னா இவ, இன்னிக்கு யாரையும் திட்டாம வர்றா? காய்ச்சலா?” என்று கார்த்திகேசு கேட்டான்.

கடைக்கு வெளியே நடைபாதையில் ஒரு மேசை காலியாக இருந்தது. உள்ளே கூட்டம். கார்த்திகேசு வழக்கம்போல சீனியும் பாலும் இல்லாத தேநீர், தே ஓ கொசோங் சொன்னான். கேக் வந்தது. தட்டு மேசையில் பட்டபோதே எனக்குப் பக்கென்றது. தட்டின் அடியில் குளிரில் பூத்த நீர்த்துளி.

யாரோ கேக்கை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்கள். சூஜி கேக் என்பது ரவையை வெண்ணெயில் இரவெல்லாம் ஊறவைத்துச் செய்வது. குளிரில் வைத்தால் அந்த வெண்ணெய் இறுகி, ரவை நறநறவென்று மணலாக நிற்கும். வாசம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். என் வீட்டில் அதை ஒரு நாளும் ஃபிரிட்ஜில் வைத்ததில்லை. மேசையில் மூடி வைப்பேன், மறுநாளுக்குள் தீர்ந்துவிடும். இதை ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஷபானாவின் கடையில் எல்லா கேக்கும் ஃபிரிட்ஜில்தான் இருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அறிவு கெட்டவள் நான்.

கொஞ்சம் பொறுங்கள், இதன் குளிர் விடட்டும் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொன்னால் சட்டம் உடையும். எனக்கு மட்டும் என்ன இவ்வளவு அக்கறை என்று ஹலீமா உடனே கேட்பாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இருவரும் ஒரு வாய் தின்றார்கள். கார்த்திகேசு கரண்டியைக் கவிழ்த்தான்.

“ஒன், டூ, சோம்.”

ஹலீமா இரண்டு விரல். கார்த்திகேசு இரண்டு விரல்.

“சூஜி கேக்காம் லா இது” என்றாள் ஹலீமா, உதட்டைத் துடைத்தபடி. “நம்ம சீதா செய்யிறதுல கால்வாசி வருமா? செங்கல் கணக்கா இருக்கு.”

“வெல மட்டும் போட்டுருக்கான் பாரு” என்றான் கார்த்திகேசு.

என் கேக்கையே எனக்கு முன்னால் வைத்து, என் கேக்கில் கால்வாசி இல்லை என்கிறாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் இத்தனை தீபாவளியாக இவர்கள் புகழ்ந்தது என் முகத்தைப் பார்த்துத்தானே? கேக்கை அடையாளம் கூடத் தெரியவில்லையே. வேறு யாராவது இந்த இரண்டு புள்ளியை வாங்கியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். சுபாங் ஜெயாவில் ஒரு அம்மாள் கடையில் பட்டர் கேக் தின்றுவிட்டு, கட்டையைத் தின்ற மாதிரி இருக்கிறது என்று ஒரே ஒரு விரல் காட்டியவள் நான். அந்தத் தட்டும் சில்லென்றுதான் இருந்தது. அது இப்போதுதான் ஞாபகம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஹலீமா ரேஷ்மா கதையைத் தொடங்கிவிட்டாள். ஒருவழியாக ஒரு வரன் அமைந்துவிட்டதாம், மாப்பிள்ளை வீட்டார் சேலை எடுக்க வேறு கடைக்குப் போனதுதான் இப்போது பிரச்சனையாம். துணிக்கடைக்காரி வீட்டுக் கல்யாணத்துக்கு எதிர்க்கடைச் சேலையா என்று அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகேசு தேயை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினான். கேக் தட்டு நடுவில் கிடந்தது. வெயில் மெல்ல நகர்ந்து வந்து மேசையில் பாதியைப் பிடித்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். இதற்குமேல் தாங்காது, போய் ஷபானாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன்.

“எங்க போற?”

“டாய்லெட்டுக்கு.”

உள்ளே ஷபானா காசுப் பெட்டி அருகில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஆன்டி, உங்க கேக்கப் பத்திரமா ஃபிரிட்ஜுல வச்சிட்டேன். பாத்தீங்களா? என்ன முடிவு பண்ணீங்க?”

பாவம், நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். “இல்ல ஷபானா, நான் யோசிச்சுப் பாத்தேன்...” என்று தொடங்கினேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன்.

ஹலீமா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கார்த்திகேசு அவளைப் பார்த்தபடியே, யோசனையில்லாமல், தட்டோரத்தில் சிதறியிருந்த தூளை விரலால் ஒற்றி வாயில் வைத்தான். தலையாட்டுவது நின்றது. தட்டைப் பார்த்தான். இன்னொரு முறை விரலால் ஒற்றி நக்கினான். பிறகு கவிழ்ந்து கிடந்த கரண்டியை நிமிர்த்தினான்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரு கரண்டி போயிற்று. இரண்டாவது போயிற்று. ஹலீமா பேச்சை விட்டுவிட்டு அவன் கையில் ஒரு அடி போட்டாள். அவன் ஏதோ சொன்னான். அவளும் ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். தின்றுவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆன்டி?” என்றாள் ஷபானா.

“மொதல்ல அந்த சூஜி கேக்க எல்லாம் வெளிய எடுத்து வை” என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. “அத ஃபிரிட்ஜுல வைக்கவே கூடாது. ஒண்ணாந்தேதி நான் எத்தன மணிக்கு வரணும்?”

அவள் பதில் சொன்னாள். ஏழோ, ஏழரையோ. எனக்குக் கண் கலங்கிவிட்டதால் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு வெளியே வந்தேன்.

நான் உட்காருவதற்குள் ஹலீமா விரலை நீட்டினாள். “ஏய், உண்மையச் சொல்லு. இது ஓன் கேக்தானே?”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“நான் கண்டுபிடிக்கல. இவன்தான் சொன்னான், இது சீதா வீட்டு கேக்குன்னு. குளிர் விட்டப்புறந்தான் வாசம் வந்திச்சு. ஏன்டி, மொதல்லயே சொன்னா என்னா? பாவம், ரெண்டு புள்ளி போட்டுட்டோமே. இப்ப மறுபடி போடுறோம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஷபானா, ஒன்றாம் தேதி, வேலையை விடப்போவது, எல்லாம். ஹலீமா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“மறுபடி போட முடியாது” என்றேன். “சட்டம் சட்டந்தான். ரெண்டுன்னே எழுதிக்க. சுபாங் ஜெயா பட்டர் கேக் அம்மா இருக்காங்களே, அடுத்த வாரம் அங்க போவோம். அவங்க கேக்க ஒரு மணி நேரம் வெயில்ல வச்சித் திம்போம்.”

“சட்டத்த மாத்தப்போறியா?”

“அது தோசைக்குப் போட்ட சட்டம். கேக்குக்கு வேற போடணும்.”

இதற்குள் கார்த்திகேசு தட்டைத் துடைத்துவிட்டது போல் வழித்திருந்தான். அப்போதுதான் அதைக் கவனித்தவன் போலக் கரண்டியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தான்.

“நீ ராஜம்மா கிட்ட எதுவும் சொல்லிடாத, சீதா” என்றான். “ஒவ்வொரு தீபாவளியும் ஓன் வீட்டுல அவ பக்கத்துலயே உக்காந்துருப்பா. ஒரு கரண்டிக்கு மேல கை போகாது. இன்னிக்கு அவ இல்ல பாரு, அதான் கொஞ்சம் தின்னுட்டேன்.”

ஹலீமா சிரித்தாள். நான் அந்தக் கவிழ்ந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருடமாக நாங்கள் போன எந்தக் கடைக்கும் இராஜம்மா வந்ததில்லை.