கரண்டித் தண்ணீர்

“தண்ணி குடுய்யா!” என்று செல்லி ஓசூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் புரண்டு புரண்டு கத்தினாள். நாக்கு காய்ந்து உதட்டோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. புருஷன் கங்கப்பன் அதிலிருந்து ஒரே ஒரு கரண்டி எடுத்து அவள் வாயில் விட்டான். அது தொண்டைக்குப் போனதோ இல்லையோ, மறுபடி வாயைத் திறந்தாள்.

எல்லாம் நேற்று வந்த வினை. ஊத்தங்கரைக்குத் தாய்வீடு போவேன் என்று அவள் நிற்க, போகவே கூடாது என்று இவன் நிற்க, காலையிலேயே வீடு இரண்டுபட்டது. மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை முடிந்து வந்தவன் கண்ணில் முதலில் பட்டது, அம்மியில் ஒட்டியிருந்த அரளி விழுது. செல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. அவ்வளவுதான், தின்றேவிட்டாள் என்று நினைத்துவிட்டான். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாரம்மா ஓடிவந்து கல் உப்பை அள்ளி அள்ளித் தண்ணீரில் கரைத்தாள். விஷம் தின்றவர்களை வாந்தியெடுக்க வைக்க அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

“ஆட்டுக் காதுப் புண்ணுக்கு அரைச்சேன்யா! நான் திங்கல, சத்தியமா திங்கல!” என்று செல்லி திமிறினாள்.

“தின்னவங்க அத்தனை பேரும் இதத்தான் சொல்வாங்க. நீ ஊத்து கங்கப்பா” என்றாள் மாரம்மா.

தாடையைப் பிடித்து அவனே ஊற்றினான், லோட்டா லோட்டாவாக. பாழாய்ப்போன வாந்தி வரவேயில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “அரளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க ஊத்தின உப்புதான் ரத்தத்துல ஏறியிருக்கு.” கையில் ஊசி குத்தி குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். “உப்ப மெதுவாத்தான் எறக்கணும். தாகம்னு கேக்கறாளேன்னு ஒரேயடியா தண்ணி குடுத்துடாத, மூளை வீங்கி வலிப்பு வந்துரும். கரண்டி கரண்டியா குடு.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அல்லவா படவேண்டும்! கங்கப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனான், வந்தான். செம்பைத் தூக்கினான், வைத்தான். முழுசாகக் கொடுத்துவிட்டால்தான் என்ன? கொடுத்து, செத்துப்போனால்? நேற்று காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியதும் இதே கைதான். அந்தக் கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

“கொஞ்சம் பொறுத்துக்க செல்லி. டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு.”

அவள் புரள்வதை நிறுத்தினாள். கண்கள் அவன் முகத்தில் வந்து நின்றன.

“அவரு சொன்னா நம்பற. நான் சொன்னேனே.”

கங்கப்பன் அடுத்த கரண்டியை நீட்டினான். தண்ணீரை உறிஞ்சியவள் கரண்டியைப் பல்லால் கடித்துக்கொண்டாள், விடவில்லை. அவனும் இழுக்கவில்லை.