கான்ஸ்டன்ஸ் படம் பிடித்த பலூன்

எங்கள் ஊரில் செல்போனில் பேச வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே குழிக்குள் கிடக்கும் ஊர் இது. அந்த மேட்டில், என் மனைவி ரூத்தின் கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் சிக்னல் எட்டிப் பார்க்கும். ரூத் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஆறு மாதமாக நான் தினமும் சாயங்காலம் அங்கே போய் நிற்பதைப் பார்த்து ஊரே உருகியது. "ஏமோஸ் மாதிரி புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று சர்ச்சில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். உண்மை வேறு. அங்கே நின்று நான் பேசியதெல்லாம் ஓடிலிடம்.

ஓடில் பக்கத்து மாவட்டத்தில் மாட்டு டாக்டர். அறுபது வயதில் எனக்குக் காதல் வந்துவிட்டது. வெளியே சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன்.

"எனக்கும் ஆசைதான். ஆனா பசு கன்னு போட முடியாமத் தவிக்கிறப்போ என்னை எப்படிக் கூப்பிடுவாங்க? கல்லறையில போய் உக்காந்துட்டு நான் தொழில் பண்ண முடியுமா? உங்க ஊர்ல டவர் வரட்டும், நானும் வரேன்" என்றாள்.

டவர் வருவதாகத்தான் இருந்தது. ஆனால் பண்ணை நிலத்தில் முப்பத்தைந்து அடிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது என்பது ஊர் விதி. விலக்கு கேட்டு வரும் கம்பெனி, டவரின் உயரத்துக்கு ஒரு சிவப்பு பலூனைச் சனிக்கிழமை காலை பறக்கவிட வேண்டும். யார் வீட்டிலிருந்து எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஜனங்கள் சொல்ல வேண்டும். எதிர்ப்புக் கோஷ்டிக்குத் தலைவி கான்ஸ்டன்ஸ், ரூத்தின் அக்கா. அவள் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி.

அதே சனிக்கிழமைதான் ஓடில் முதல்முறையாக என் வீட்டுக்கு வந்தாள். ஊர் எல்லையைத் தாண்டினால் போன் வழி காட்டாது என்பதால், அடையாளத்துக்கு என் மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஒரு பெரிய பலூனைக் கட்டி உயரப் பறக்கவிட்டேன். கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது. அன்றைக்குத்தான் பலூன் சோதனை என்பது என் மண்டையிலேயே இல்லை. காதல் வந்தவனுக்குக் கண்ணு மண்ணு தெரியுமா? காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, பலூன் பேயாட்டம் ஆடியது, ஓடில் வழி தவறாமல் வந்து சேர்ந்தாள். அப்போது நான் இருந்த இருப்பில் என்னையும் ஒரு கயிற்றால் கட்டியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஊர் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஓடிலும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். குழுத் தலைவர் ஹோராஸின் கையில் ஒரு மணி. டவரிலிருந்து வரும் அலைகளால் உடம்புக்கு என்ன ஆகும் என்று ஊர்க்குழு விசாரிக்கக் கூடாது என்பது தேசத்துச் சட்டம். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஹோராஸ் மணியை அடிப்பார்.

"கதிர்வீச்சால எங்க கோழிங்க..." என்றார் ஒருவர். டிங்!

"சரி, கோழிய விடுங்க. என் தலைவலி..." டிங்!

கான்ஸ்டன்ஸ் எழுந்தாள். "அழகைப் பத்திப் பேசலாம்ல? மணியைக் கீழ வைங்க." பெரிய புகைப்படம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். "எங்க சமையலறை ஜன்னல்ல இருந்து எடுத்தது. மலையழகே நாசம்! எப்படி ஆடுது பாருங்க. பலூனே இந்த ஆட்டம் ஆடினா, டவர் என்ன ஆட்டம் ஆடும்?"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஆளுக்கொரு படத்தைத் தூக்கினார்கள். எல்லாப் படத்திலும் கீழ் மூலையில் என் கொட்டகைக் கூரை.

கம்பெனி இன்ஜினியர் தயங்கியபடி எழுந்தார். "மன்னிக்கணும், இது எங்க பலூன் இல்லைங்க. காத்து ஜாஸ்தின்னு வெள்ளிக்கிழமையே சோதனையைத் தள்ளி வச்சுட்டோம். எல்லார் போனுக்கும் மெசேஜ் அனுப்பினோமே?"

"யாருக்கு வந்துச்சு?" என்றார் ஹோராஸ். ஒரு கைகூட உயரவில்லை. கல்லறை மேட்டில் என் போனுக்கு வந்திருந்தாலும், ஓடிலின் பெயரைத் தவிர வேறெதையும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

"புளுகு!" என்று கத்தினாள் கான்ஸ்டன்ஸ். "பறக்க விட்டாங்க, அசிங்கமாத் தெரிஞ்சதும் எங்களுது இல்லைங்கிறாங்க. இந்தப் புளுகனுங்களுக்கா அனுமதி? தள்ளுபடி பண்ணுங்க!"

"தள்ளுபடி! தள்ளுபடி!" என்றது கூட்டம். ஹோராஸ் பேனாவை எடுத்தார். இனி சும்மா இருந்தால் ஓடில் எனக்கு இல்லை. எழுந்துவிட்டேன்.

"அந்தப் பலூன் என்னுது."

"உனக்கு எதுக்குப் பலூன்? பொறந்த நாளா?" என்றாள் கான்ஸ்டன்ஸ்.

"ஒரு பொம்பளைக்கு வழி காட்ட."

"எந்தப் பொம்பளை?"

"நான்தாங்க" என்று கடைசி வரிசையில் ஓடில் எழுந்து நின்றாள். நாற்காலிகள் எல்லாம் ஒருசேரக் கிறீச்சிட்டன.

கான்ஸ்டன்ஸ் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப தினம் சாயங்காலம் கல்லறைக்குப் போனது?"

"அங்கதான் சிக்னல் கிடைக்குது."

"ரூத் பக்கத்துல நின்னா பேசினே?"

"ஓரடி தள்ளித்தான்."

கான்ஸ்டன்ஸின் உதடு துடித்தது. அழப் போகிறாள், நான் தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

"பாவி! நீ கத்திப் பேசுறது தாங்காம, உயிரோட இருந்தப்பவே என் தங்கச்சி கதவைச் சாத்திக்கிட்டுக் காதுல தலையணையை வச்சுப்பா. அங்கேயும் போயா அவ தலைமாட்டுல நின்னு கத்துறே?" ஹோராஸ் பக்கம் திரும்பினாள். "டவரைக் கட்டித் தொலைங்கய்யா! அவ இனியாவது நிம்மதியாத் தூங்கட்டும்."

மண்டபம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து இன்ஜினியருக்குப் புரையேறிவிட்டது. சோதனையை இன்னொரு நாள் முறைப்படி நடத்தியே ஆக வேண்டும் என்று ஹோராஸ் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கான்ஸ்டன்ஸ் நேராகக் கடைசி வரிசைக்குப் போய், ஓடிலை மேலும் கீழும் பார்த்தாள்.

"ராத்திரியில இவன் குறட்டை விடுவான், தெரியுமா?"

"தெரியுங்க" என்றாள் ஓடில்.