நஞ்சுக்கு இரண்டாம் பொருள்

அகராதி அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் மட்டும் அவளை 'அகராதி பிடித்தவள்' என்று ஊர் சொல்லவில்லை. வாய் அப்படி. தனக்குப் பிடித்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒரே மகள் நின்றபோது, "பத்து மாசம் வயித்துல நஞ்சையா சுமந்தேன்!" என்று கத்தித் தொலைத்தாள். அன்று போனவள் போனவள்தான். மகள் உண்டாகியிருக்கிற செய்தியே மூன்றாம் மனுஷர் வாயிலிருந்துதான் இவள் காதில் விழுந்தது.

வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை. டி.வி.யோடு எத்தனை நாள்தான் சண்டை போடுவது? விடுமுறையிலும் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

இன்றும் அப்படித்தான் வந்திருந்தாள். பார்த்துப் பார்த்து அந்தச் சொல்லா மேசைக்கு வரவேண்டும்? நஞ்சு. முதல் பொருள், விஷம். அதை எழுத யோசனையே தேவைப்படவில்லை. 'நைந்து' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கட்சி, அதையும் குறித்தாள். இரண்டாம் பொருளில் பேனா நின்றது. நஞ்சுக்கொடி, வயிற்றில் பிள்ளைக்கு ஊட்டி வளர்ப்பது. பிள்ளை பிறந்தபின் வெளியே வருவது.

ஊட்டுகிற ஒன்றுக்குப் போய் ஏன் இந்தப் பெயர்? உள்ளேயே தங்கினால் தாயைக் கொன்றுவிடும், அதனால்தானோ என்னவோ. 'சொல்லும்போது இது தெரியாமல் போச்சே, பாவி!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. இதுவரை இவள் பேசியே இராத மருமகன்.

"அத்தை, பொண்ணு பொறந்திருக்கா. ஆனா நஞ்சு இன்னும் விழலை. ரத்தம் நிக்கலைன்னு உள்ள கொண்டுபோயிட்டாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"ஒண்ணும் ஆகாது, மாப்பிள்ளை. தோ வந்துட்டேன்." மாப்பிள்ளை என்ற சொல் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

"அவ கோவத்துல ஏதாவது சொன்னா..."

"சொல்லட்டும். அவ உயிரோட இருந்து சொல்லட்டும்."

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவன். வேண்டாத தெய்வமில்லை. கதவு திறந்து, "பயமில்லை, போய்ப் பாருங்க" என்று நர்ஸ் சொன்னதும் அவன், "நீங்க முதல்ல போங்க அத்தை" என்றான்.

வெளுத்துப்போய்க் கிடந்த மகள் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கு நஞ்சு வெளிய வந்துடுச்சும்மா. உனக்கு?"

அகராதிக்காரி அழுதுகொண்டே, வந்துவிட்டது என்று தலையை ஆட்டினாள்.