கரன்ட் போனாலும் மறக்காத டிபன் பாக்ஸ்

என் வீட்டுக்காரர் வர்த்தமானனை நம்பி வீட்டை விடலாம், சாவியை விடலாம், அடுப்பில் பாலைக்கூட விடலாம். மழையை மட்டும் விட முடியாது.

பதினோரு வருடமாகத் தினமும் காலை எட்டரைக்கு வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடிக்குப் போய், எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று அளந்து நோட்டில் எழுதுகிறேன். நான் புவியியல் டீச்சர். பாடப் புத்தகத்தில் எல்லா ஊர் மழையும் இருக்கிறது, திருவண்ணாமலை மழையை யார் எழுதுவது என்று வீம்பாக ஆரம்பித்தது. 1981-ல் ஒரே ஒரு நாள் பெரியப்பா சாவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன். எண் எழுத வேண்டிய கட்டத்தில் வர்த்தமானன் கையெழுத்தில் "நல்ல மழை" என்று இருந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

1988 அக்டோபரில் சோதனை வந்தது. மகள் பிராமிக்குக் கும்பகோணத்தில் பிரசவம் நெருங்கியது. அவள் பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான்தான் போக வேண்டும். அதுவும் பன்னிரண்டு நாள், ஐப்பசி அடைமழையில். பிள்ளையா மழையா என்றால் பிள்ளைதான். ஆனாலும் நோட்டில் பன்னிரண்டு கட்டம் காலியாகக் கிடக்குமே என்று நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

தேரடித் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அய்யூப் பாய் வழி சொன்னார். மண்ணெண்ணெய்ப் புனலுக்கு அடியில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகை மாதிரி இரண்டு குட்டிக் கிண்ணங்களை வைத்தார். ஒன்று நிறைந்தால் 'டக்' என்று சாயும். ஒரு டக் அரை மில்லிமீட்டர். எந்த மணியில் எத்தனை டக் என்று ஞாபகம் வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். எந்தக் கம்ப்யூட்டர் என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை.

பம்பாயிலிருக்கும் கொழுந்தனார் அனுப்பிய, டிவியில் மாட்டும் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றார் வர்த்தமானன்.

"கலர் கலரா கோடு போடும் லதா!"

போட்டது. கூடவே தோசை ஊற்றலாம் போலக் கொதித்தது. அடைமழையில் கரன்ட் போனால் என்ன ஆகும் என்று பார்க்க, அது எண்ணிக்கொண்டிருக்கும்போதே நான் போய் மெயினை ஆஃப் செய்து திரும்பப் போட்டேன். அதுவரை எண்ணியது எல்லாம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கார் பேட்டரி வாங்கி மாட்டினார். ஒன்றரை நாளில் அதையும் குடித்துத் தீர்த்தது.

அய்யூப் பாய் தன் பங்குக்கு ஒரு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே அவரே பற்றவைத்த ஒரு போர்டு, நான்கு டார்ச் லைட் செல், வாட்ச்சில் தெரிவது போன்ற எண், ஒரு பட்டன். அவ்வளவுதான்.

"பார்க்க லட்சணமா இருக்காது டீச்சர். ஆனா ரொம்ப கம்மியாத்தான் கரன்ட் இழுக்கும். மழை இல்லன்னா தூங்கும். டக்குனு தட்டினா எழுந்து எண்ணிட்டுத் திரும்பத் தூங்கிடும். நாலு செல்லு ஒரு மாசம் தாங்கும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க."

"எழுந்து எண்ணும்னு சொன்னேனே டீச்சர்!"

வர்த்தமானனே சிரித்துவிட்டார். ஒரு வாரம் ஓடவிட்டு, தினமும் நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. டிபன் பாக்ஸே ஜெயித்தது. இதைத் தொடவே கூடாது என்று அவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பேரன் பிறந்தான். மூன்று கிலோ, கருகருவென்று முடி. சந்தோஷத்தில் மழையையே மறந்திருந்தேன் என்றால் நம்புங்கள்.

ஊர் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். பட்டனை அமுக்க அமுக்க நாளும் மணியும் வந்தன. முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பதின்மூன்று டக். மறுநாள் ஆறு மணிக்கும் பதின்மூன்று. அதற்கடுத்த நாளும் அதே பதின்மூன்று. எந்த ஊரில் மழை இப்படி அலாரம் வைத்துப் பெய்கிறது? பன்னிரண்டு நாளும் பாழ், அய்யூப் பாயை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று திரும்பினால், கைப்பிடிச் சுவர்மேல் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது.

"ஏங்க!"

படியேறி வந்தவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் ஊத்தினேன். உசுரோட இருக்கான்னு பார்க்கத்தான். அது பாட்டுக்குத் தூங்குது, நின்னு போனாக்கூடத் தெரியாதே. நீ வந்து காலிக் கட்டத்தைப் பார்த்து அழுதா நான் என்ன பண்றது? தினம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர்தான். அதுவும் வடிகட்டின தண்ணி."

குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டும் எங்கள் சமண வீட்டுப் பழக்கத்தைக் கம்ப்யூட்டருக்கும் செய்திருக்கிறார். கோபம் வரவேண்டிய இடம்தான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே டம்ளரில் முழுக்க மொண்டு நானும் ஊற்றினேன். சரியாகப் பதின்மூன்று. கழித்துவிட்டால் கணக்கு நேர். ஒன்றும் பாழாகவில்லை.

ஆனால் நவம்பர் நாலாம் தேதி மட்டும் ஆறு மணியில் ஒன்றுமே இல்லை. மத்தியான மழைதான் பதிவாகியிருந்தது.

"அன்னைக்கு மட்டும் ஏன் ஊத்தல?"

"நல்லா கேட்ட போ! அஞ்சே முக்காலுக்கு எதிர்வீட்டு போன்ல பேரன் பொறந்துட்டான்னு நீதானே சொன்ன? தெரு முழுக்க சக்கரை குடுத்துட்டிருந்தேன். மெஷின் ஞாபகம் எங்க இருந்துச்சு?"

கீழே வந்து நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாக எண்ணை எழுதிக்கொண்டே வந்தேன். நவம்பர் நாலுக்கு 31.5 என்று எழுதினேன். அவர் பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே "நல்ல மழை" என்றும் எழுதினேன்.