தள்ளிவிட்ட குமிழ்

ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் எஞ்சின் இருமியது.

"சார்?" என்று எவாஞ்சலின் வலப்பக்கம் திரும்பினாள். பயிற்சியாளர் ரத்தினவேல் சார் உட்காரும் இருக்கை காலி. அதன் பெல்ட்டை அவளேதான் பூட்டியிருந்தாள். ஓசூரைச் சுற்றித் தனியாகப் பறந்துவர அனுப்பப்பட்ட முதல் நாள். கீழே எங்கோ மூக்கண்டப்பள்ளியில் அப்பா ஐசக் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

இருமல் நடுக்கமானது. காரணம் தெரியும். மழை விட்ட காலை, ஈரக்காற்று. எஞ்சினுக்குக் காற்று போகும் கார்பரேட்டருக்குள் பனி உறைந்திருக்கும். சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் உண்டு. இழுத்தாள். விமானமே உதறியது. உருகிய பனி எஞ்சினின் தொண்டையை அடைத்தது. அவள் கை, அவளைக் கேட்காமல், குமிழைத் திரும்ப உள்ளே தள்ளியது.

முதலில் மோசமாகும், விடக்கூடாது. மனப்பாடமான பாடம்தான். ஆனால் பாடம் நடந்தபோதெல்லாம் அந்தக் குமிழின் மேல் ரத்தினவேல் சாரின் கையும் இருந்தது.

எஞ்சின் நடுங்குவதை ரேடியோவில் சாரிடம் சொன்னாள்.

"ஹீட் இழுத்தியாம்மா?"

"இழுத்தேன் சார்."

"புடிச்சிட்டே இருக்கியா?"

பயிற்சிப் பள்ளியில் ரேடியோ ஸ்பீக்கரைச் சுற்றி ஹரீஷ்குமாரும் மற்ற மாணவர்களும் நிற்பார்கள். "ஸ்கூட்டி ஓட்டவே பயப்படுறே, உனக்கு எதுக்கு பிளேனு?" என்று நேற்றுதான் சிரித்தார்கள்.

"புடிச்சிருக்கேன் சார்."

"அப்ப அது பனி இல்ல, வேற கோளாறு. திரும்பி வர ஹைட் பத்தாது. நல்ல வயலாப் பாத்து எறக்கிடு."

அவள் சொன்ன பொய்யை நம்பித்தான் அவர் வழி சொல்கிறார்.

எண்ணூறு அடி. கீழே எங்கு பார்த்தாலும் ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். நடுவே ஒரேயொரு சாமந்தி வயல். பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு வரப்பை நோக்கி ஓடினாள். பின்னாலேயே மற்றவர்களும். எவாஞ்சலின் இறங்குவதற்காக வயல் காலியாகிக்கொண்டிருந்தது.

"சார்... புடிக்கல. அப்பவே தள்ளிட்டேன்."

ரேடியோவில் யாரும் சிரிக்கவில்லை.

"இழு. உடும்பாட்டம் புடி. எப்படி ஆடினாலும் கைய எடுக்காத. நான் இனிமே பேச மாட்டேன், நீ எஞ்சினக் கேளு."

இழுத்தாள். பல் கிட்டித்தது. சார் சொன்னபடியே பேசவில்லை. ஐந்நூறு. நானூறு. சாமந்தியின் மஞ்சள் கண்ணாடி முழுக்க நிறைந்தது. எஞ்சின் விக்கியது, செருமியது, மறுபடி விக்கியது. பிறகு சட்டென்று, ஒன்றுமே நடக்காததுபோல், சீராக உறுமியது.

விமானத்தின் மூக்கு மெல்ல நிமிர்ந்தது.

"வந்துடுச்சு சார்."

"சரி. வா. வந்தப்புறம் பேசலாம்." அந்தக் குரலில் 'அம்மா' இல்லை.

திரும்பும்போது இறக்கைக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். பெண்கள் வரப்பில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இன்னும் வயலுக்குள் இறங்கவில்லை.