முகம் தெரியாத மாப்பிள்ளை

என் தம்பி பிமோ புகையை விட்ட பெருமையைக் கேளுங்கள். மற்றவர்கள் ஒரு முறை விடுவார்கள், அல்லது விடவே மாட்டார்கள். எங்கள் பிமோ அரை வருஷத்தில் இரண்டு முறை விட்டான். ஒவ்வொரு முறை விட்ட பிறகும் வீட்டில் புகை கூடியதே தவிரக் குறையவில்லை.

இதில் நான் ரொம்ப யோக்கியம் பேச முடியாது. ஜாவாவில் சிகரெட்டுக்கே பேர் போன எங்கள் குடுஸில் கிராம்பு சிகரெட் சுருட்டித்தான் அவனை வளர்த்தேன். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தினம் மூவாயிரம் சிகரெட் இந்தக் கையால் சுருட்டுகிறேன். என் எதிரே உட்கார்ந்து முனை கத்தரிப்பவர் இபு சார்மி, அதாவது சார்மி அம்மா. அவருடைய மகள் விடூரி பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். விடூரி மேல்தான் பிமோவுக்கு உயிர்.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சிகரெட் பிடிக்கிறவன் வேண்டாம். எங்கள் ஊரில் இப்படிக் கேட்பது மீன் தின்னாத பூனை கேட்பது மாதிரி. ஆனால் அவள் பக்கமும் நியாயம் உண்டு. பகலெல்லாம் மஞ்சள் பல்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே அவளுடைய அப்பா. பாக் என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் ஜுமாதி முப்பது வருஷம் புகையிலைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூச்சு விடுவதற்கு நடுவே சிகரெட் பிடிப்பாரா, சிகரெட்டுக்கு நடுவே மூச்சு விடுவாரா என்று யாருக்கும் தெரியாது.

பிமோ விட்டான். விட்ட கையோடு உதட்டுச்சாயக் குப்பி அளவில் வேப் என்று ஒரு பேட்டரி சிகரெட் வாங்கி வந்தான். ஒரு இழுப்பு இழுத்தால் மாம்பழ வாசனை வரும், புகை என்று பெயருக்கு ஒரு கீற்று வரும். விடூரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, லெபாரன் வரைக்கும். பெருநாள் தொழுகை முடிஞ்சு வரும்போது இதுவும் பையில இருக்கக் கூடாது" என்றாளாம். இவன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தான்.

அத்தோடு நின்றிருந்தால் எனக்குச் சொல்லக் கதை கிடைத்திருக்காது. அவன் வேலை பார்க்கும் மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. அங்கே வேப் பிடிக்கும் மேதைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். பிமோவின் கையிலிருந்ததைப் பார்த்து, "தம்பி, பால் பாட்டிலை எப்பப்பா விடப் போற?" என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான், ஐயாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாள் செங்கல் கனத்தில் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். உள்ளே இரண்டு பேட்டரி. வெளியே கலர் திரை. மேலே கண்ணாடித் தொட்டி.

"என்னடா இது? வீட்டுக்கு அஸ்திவாரம் போடப் போறியா?"

"வேப்தான் அக்கா. அடுத்த கட்டம்."

"எதுக்கு அடுத்த கட்டம்? விடறதுக்கா, பிடிக்கறதுக்கா?"

"விடறதுக்குத்தான்! சின்னதுல ஊத்தற லிக்விட்ல நிக்கோட்டின் முப்பது. இதுல ஊத்தறதுல வெறும் மூணு. பத்துல ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாரு."

"அப்ப புகை?"

"கொஞ்சம் அதிகமா வரும். அது வெறும் ஆவி."

அந்தக் 'கொஞ்சத்தை' அப்போதே காட்டினான். சுவர்க் கடிகாரம் மறைந்துபோனது. மணி என்ன என்று பார்க்க இரண்டு நிமிஷம் காத்திருந்தேன். ஒரு கோப்பை கெட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தவன், இனி ஒரு வாளி தண்ணீர்க் காபி குடிக்கப் போகிறேன், பாருங்கள் என் கட்டுப்பாட்டை என்று மார் தட்டினால் என்ன சொல்வது?

"விடூரிகிட்ட சொல்லிட்டியா?"

"நல்ல நாள் பார்த்துச் சொல்றேன்" என்றான்.

பார்த்த நல்ல நாள் எது தெரியுமா? பெண் கேட்டுப் போன நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாழைப்பழத் தார், பாகில் கிளறிய ஜெனாங், ஒட்டரிசியை வேகவைத்து இடித்த ஜாதா என்று தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜாதா ஒட்டுகிற மாதிரி புருஷன் பெண்டாட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அது கட்டாயம் போகும். பிமோ பாத்திக் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி அறைக்குள்ளிருந்து கத்தினான். "அக்கா, அலமாரில மாம்பழ பாட்டில் இருக்கு. பெரிசுல கொஞ்சம் ஊத்திக் குடேன்!"

ஊற்றிக் கொடுத்தேன். மாம்பழப் படம் போட்ட பாட்டில் இரண்டு இருந்தது. நிறைய இருந்ததை எடுத்தேன். ஒன்றில் மூன்று என்றும் இன்னொன்றில் முப்பது என்றும் பொடி எழுத்தில் போட்டிருந்ததைக் கண்ணாடி இல்லாமல் நான் எங்கே கண்டேன்?

பாக் ஜுமாதி வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. நாற்காலி வரிசை, தேநீர், அவர் செல்லமாக வளர்க்கும் கூண்டுப் புறா. எங்கள் தரப்பில் பேசப் பெரியப்பா வந்திருந்தார். உயர்ந்த ஜாவா மொழியில் ஒரு பேச்சை இரண்டு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார் பாவம். அவர் வாயைத் திறப்பதற்குள் பாக் ஜுமாதி சிகரெட் பெட்டியை மாப்பிள்ளை பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கங்க தம்பி."

"மன்னிக்கணும் பாக். நான் விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா! இந்த ஊர்லயா?" பாக் ஜுமாதி என்னைப் பார்த்தார். "லஸ்மி, நீங்க சுருட்டறீங்க, நான் சுமந்தேன், இவரு விட்டுட்டாரு. ஆம்பளைங்க உக்காந்தா கையில என்ன வச்சிக்குவாரு, பூங்கொத்தா?"

எல்லாரும் சிரித்தார்கள். விடூரியும் தேநீர்த் தட்டோடு நின்று சிரித்தாள். அதோடு இவனும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? பையிலிருந்து செங்கல்லை எடுத்தான்.

"இதோ, இது இருக்கு பாக்."

விடூரியின் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

"இழுங்க பார்ப்போம்" என்றார் பாக் ஜுமாதி.

இழுத்தான். அடி வயிற்றிலிருந்து இழுத்தான். தொண்டையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்திருக்கும். மாமனார் முன்னால் இருமுவதா என்று அடக்கிக்கொண்டு இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான். கூடம் வெளுத்துப்போனது. புறா குனுகுவதை நிறுத்தியது. வெள்ளைக்குள்ளிருந்து பெரியப்பாவின் குரல் மட்டும், "பெருமதிப்புக்குரிய இல்லத்தாரே..." என்று கம்பீரமாகக் கிளம்பியது.

நடுவில் விக்கல் சத்தம் கேட்டது. மூன்று வார்த்தைக்கு ஒரு விக்கல். புகை விலகியபோது பிமோவின் முகம் சுண்ணாம்பாக இருந்தது, வேர்வை கழுத்தில் ஓடியது. "அக்கா, தலை சுத்துது" என்று எழுந்தான். இரண்டடி நடந்து வாழைப்பழத் தட்டின் மேலேயே வாந்தி எடுத்தான்.

பெரியப்பா நிறுத்துவாரா? இரண்டு வார மனப்பாடம். பிமோவை மறுபடி உட்காரவைத்து இபு சார்மி ஈரத் துணியால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார், பெரியப்பா தன் பாட்டுக்குப் பேச்சை முடித்தார். "இனி பெண்ணின் வாய்மொழியைக் கேட்கக் காத்திருக்கிறோம்."

விடூரி அவனைப் பார்க்கவில்லை, மேஜையிலிருந்த செங்கல்லைத்தான் பார்த்தாள். "பிறந்ததிலேருந்து அப்பாவைப் புகையிலதான் பாத்திருக்கேன்" என்றாள். "ஆனா அப்பா புகையில அவரு முகமாவது தெரியும். இப்ப என்கிட்ட சம்மதம் கேக்க வந்தவரு யாருன்னே எனக்குத் தெரியல. யாருக்கு நான் பதில் சொல்ல?"

நாங்கள் கொண்டுபோன தட்டுகள் பக்கம் வந்தாள். அவளே ஜாதாத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். "இது மூணு நாள் தாங்கும். அதுக்குள்ள அவரு முகத்தோட வரட்டும். இல்லன்னா மத்த தட்டோட இதையும் அனுப்பிடறேன்."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டில்களைப் பார்த்தேன். முப்பது. நான் எடுத்து ஊற்றியது அதைத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. விக்கலோடு படுத்திருந்தவனிடம், "பத்துல ஒரு பங்குன்னியே, கணக்கு சரியா வந்துச்சா?" என்று வேறு கேட்டேன். என் வாய் அப்படி.

மறுநாள் காபிக் கடை மேதைகள் யோசனை சொன்னார்கள். பேட்டரி இரண்டு இருப்பதுதான் கோளாறாம். மூன்று பேட்டரி உள்ளதற்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடுமாம். பிமோ பாதியிலேயே எழுந்து வந்துவிட்டானாம். அதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். மூன்றாம் நாள் செங்கல்லை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"சரின்னுட்டா அக்கா! காஞ்சுபோன ஜாதாவைப் பொரிச்சுக் குடுத்தா. அதைச் சாப்பிடறப்போ சொன்னா."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் காலை அவன் படுக்கையைத் தட்டி மடிக்கிறேன், தலையணைக்கு அடியில் என்ன? அந்தச் சின்ன வேப். அப்போதுதான் இழுத்த சூடு.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. பெரியதைக் கொடுத்து நல்ல பேர் வாங்கிக்கொண்டு சின்னதைப் பதுக்கி வைத்திருக்கிறான்! இபு சார்மியின் எதிரில் தினம் உட்கார்ந்து நான் எப்படி அந்த முகத்தைப் பார்ப்பேன்? கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், அந்தப் பெண்ணை ஏமாற்ற மாட்டேன் என்று வேலை முடிந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், விடூரியின் கையில் அதைத் திணித்தேன்.

"இதப் பாரும்மா. உன் மாப்பிள்ளை விட்ட லட்சணம்."

அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். "தெரியும் அக்கா. பெரிசை என் அலமாரில பூட்டச் சொல்லிக் குடுத்தப்போ அவரே சொன்னாரு. ஒரேயடியா விட முடியல, சின்னது மட்டும் வச்சிக்கவான்னு கேட்டாரு. லெபாரன் வரைக்கும்னுதானே நான் முதல்லயே சொன்னேன்? அதுல முகம் தெரியுது, போதும்."

"அவனே சொன்னானா?"

"எல்லாம் சொன்னாரு. அன்னிக்கு அவசரத்துல பாட்டிலை மாத்தி ஊத்திட்டேன்னும் சொன்னாரு. சொந்த பாட்டில் கூடவா தெரியாது, இவ்ளோ முட்டாளான்னு கேட்டேன். ஆமான்னாரு."

யார் ஊற்றினார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கேட்டதே அவன்தானே. மூன்று நாள் நான் குத்திக் குத்திப் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான்தாம்மா ஊத்தினேன்" என்றேன். "கண்ணாடி போடாம."

விடூரி அந்தச் சின்ன வேப்பைத் தன் சட்டை நுனியில் துடைத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இருந்த இடத்துலயே வச்சிடுங்க அக்கா."

முற்றத்தில் ஒரு வெள்ளை மேகம் நின்றது. அலமாரியில் விடூரி பூட்டி வைத்த செங்கல் எப்படியோ வெளியே வந்திருந்தது. மேகத்துக்குள்ளிருந்து பாக் ஜுமாதியின் குரல் மட்டும், "லஸ்மி, இதுக்கு கிராம்பு வாசனையில லிக்விட் கிடைக்குமான்னு மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்லுங்க" என்றது.

வீட்டுக்கு வந்து சின்னதைச் சார்ஜில் போட்டேன். நிறைந்ததும் எடுத்து அவன் தலையணைக்கு அடியில் இருந்தபடியே வைத்தேன். பிமோ வந்து, சாப்பிட்டு, "என்ன அக்கா, இன்னிக்கு ஒண்ணும் திட்டலியே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.